வயிறு சிறிதான பின் சாப்பாடு: எடைக்குறைப்பு அறுவை சிகிச்சை முடிந்தவர்களுக்கு

எடைக்குறைப்பு அறுவை சிகிச்சை முடிந்து வீட்டுக்கு வந்தவர்கள் முதலில் கேட்பது, "சாதம் எப்போ சாப்பிடலாம்?" என்றுதான். நேரான பதில் இது: பெரும்பாலும் ஆறிலிருந்து எட்டு வாரம் கழித்து, இரண்டு மூன்று ஸ்பூன், அதுவும் தட்டில் இருக்கும் மற்றதெல்லாம் உள்ளே போன பிறகு. இந்தப் பதிலைக் கேட்டதும் பலருக்கு முகம் வாடிவிடும். நம் வீடுகளில் சாதம்தான் சாப்பாடு, மற்றதெல்லாம் தொட்டுக்கொள்ள. அந்த வரிசையைத் தலைகீழாக மாற்றுவதுதான் இந்த முதல் வருடத்தில் நீங்களும் உங்கள் வீட்டாரும் கற்றுக்கொள்ள வேண்டிய வேலை. அறுவை சிகிச்சை இரைப்பையை மாற்றிவிடும். பரிமாறுகிற கையையும் பழகிய நாக்கையும் மாற்றாது.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். உங்கள் மருத்துவமனை கொடுத்த உணவு அட்டவணைக்கும் இங்கே சொல்லும் வார கணக்குக்கும் வித்தியாசம் இருந்தால், அட்டவணைப்படியே நடங்கள். உங்கள் வயிற்றுக்குள் என்ன நடந்தது என்று பார்த்தவர் உங்கள் அறுவை மருத்துவர்தான்.

உள்ளே என்ன மாறியிருக்கிறது

ஸ்லீவ் என்று சொல்லப்படும் சிகிச்சையில் இரைப்பையின் முக்கால் பங்குக்கும் சற்று அதிகமாக வெட்டி எடுத்துவிடுகிறார்கள். மிஞ்சுவது வாழைப்பழம் போன்ற ஒரு குழாய். பசியைத் தூண்டும் கிரெலின் ஹார்மோன் அதிகம் சுரக்கும் மேற்பகுதியும் அதோடு போய்விடுவதால், முதல் சில மாதங்களுக்குப் பசியே தெரியாது. பைபாஸில் எதையும் வெளியே எடுப்பதில்லை. இரைப்பையின் மேல்பகுதியில் ஏறக்குறைய 30 மி.லி. பிடிக்கும் சிறு பையைப் பிரித்து, அதைச் சிறுகுடலோடு நேராக இணைக்கிறார்கள். உணவு பழைய இரைப்பைக்கும் சிறுகுடலின் முதல் பகுதிக்கும் போகாது. இரும்புச்சத்தும் கால்சியமும் அதிகம் உறிஞ்சப்படுவது அந்த முதல் பகுதியில்தான். பைபாஸ் செய்தவர்களுக்கு மாத்திரைகள் ஏன் அவ்வளவு முக்கியம் என்பதற்குக் காரணம் இதுவே.

உங்களுக்குச் செய்தது எது என்று பெயரோடு தெரிந்து வைத்திருங்கள். "வயித்துல ஆபரேஷன்" என்று மட்டும் தெரிந்தால் போதாது.

இரண்டு முறையிலும் உள்ளே நீளமான தையல் வரிசை இருக்கிறது. அது ஆற வாரங்கள் ஆகும். தண்ணீர், பால், மசியல், மென்மையான உணவு என்று படிப்படியாகப் போவது கொள்ளளவு குறைந்துவிட்டது என்பதற்காக மட்டும் இல்லை. அந்தத் தையல்மேல் அழுத்தம் விழாமல் இருக்கத்தான். பத்தாவது நாளில் உடம்பு நன்றாக இருக்கிறதே என்று அரை இட்லி சாப்பிட்டுப் பார்க்கத் தோன்றும். வெளிக் காயம் ஆறிவிட்டதை வைத்து உள்காயத்தைக் கணக்குப் போட வேண்டாம்.

போவதற்கு முன்னால் அடுக்களையில்

அறுவை சிகிச்சைக்கு முன்பே சிலவற்றை எடுத்து வையுங்கள். குழந்தைகளுக்குச் சோறூட்டும் சின்ன ஸ்பூன், சின்னக் கிண்ணங்கள், மெல்லிய வடிகட்டி, நன்றாக ஓடும் மிக்ஸி. மருந்து பாட்டிலோடு வரும் அளவு மூடி ஒன்றும் வேண்டும்; முதல் வாரத்தில் தண்ணீர்கூட அதில்தான். ஃப்ரிட்ஜில் உள்ள ஐஸ் டிரே மிகவும் உதவும். மசித்த பருப்பை அதில் ஊற்றி உறையவைத்தால், வேளைக்கு ஒன்றிரண்டு கட்டி எடுத்துச் சூடாக்கினால் போதும். ஒரு ஆளுக்கு இரண்டு டேபிள்ஸ்பூன் பருப்புக்காகத் தினமும் குக்கர் வைக்கிற அலுப்பு சமைப்பவருக்கு இருக்காது.

புரோட்டீன் பவுடரைப் பெரிய டப்பாவாக முன்கூட்டியே வாங்காதீர்கள். சிகிச்சைக்குப் பின் நாக்கின் சுவை மாறிவிடுவது சகஜம். முன்பு பிடித்த வாசனை அப்புறம் குமட்டும். சின்னப் பாக்கெட்டுகளாக இரண்டு மூன்று வகை வாங்கி வைத்து, பிடித்ததைப் பிறகு பெரிதாக வாங்கலாம். சர்க்கரை சேர்க்காத வகையாகப் பார்த்து வாங்குங்கள்.

முதல் படி: தண்ணீர்

முதல் ஒன்றிரண்டு நாள் தெளிந்த நீர் ஆகாரம் மட்டும். தண்ணீர், வடிகட்டிய பருப்புத் தண்ணீர், புளியும் மிளகாயும் மிகக் குறைத்த ரசத் தெளிவு, எலும்பு சூப்பின் தெளிவு, மோரைத் தெளிய வைத்து மேலாக எடுத்த நீர். கால் மணி நேரத்துக்கு 30 மி.லி. என்று ஆரம்பிப்பார்கள். மடக்கென்று குடிக்கக் கூடாது. அண்ணாந்து ஊற்றிக் குடிக்கிற நம் பழக்கத்தையும் கொஞ்ச காலம் நிறுத்தி வையுங்கள். அப்படிக் குடித்தால் காற்றும் சேர்ந்து போகும், அளவும் கையில் நிற்காது. டம்ளரை உதட்டில் வைத்து உறிஞ்சுங்கள்.

மெதுவாக ஏற்றி, ஒரு நாளைக்கு ஒன்றரை லிட்டர் என்ற இடத்துக்கு வர வேண்டும். சிகிச்சை முடிந்தவர்கள் திரும்ப மருத்துவமனையில் சேர்வதற்கு அடிக்கடி காரணமாவது நீர்ச்சத்துக் குறைவு. பசி இல்லாததுபோலவே தாகமும் தெரியாமல் போகலாம். சிறுநீர் அடர்மஞ்சளாகப் போனால், எழுந்தால் தலை சுற்றினால், நீங்கள் குடிப்பது போதவில்லை. சோடா, கோலா வகை எதுவும் வேண்டாம். காபியை முதல் மாதம் பல மருத்துவர்கள் அனுமதிப்பதில்லை. ஃபில்டர் காபி இல்லாத காலை நமக்குக் கஷ்டம்தான் என்றாலும் அது ஒரு மாதக் கஷ்டம்.

இரண்டாம் படி: பாலும் மோரும், கஞ்சியின் பிரச்சினையும்

அடுத்த இரண்டு வாரம் வரை சற்றுக் கெட்டியான திரவங்கள். கொழுப்பு குறைந்த பால், நீர்க்கத் தயிர், நீர்மோர், வடிகட்டிய கோழி சூப், பருப்பு சூப், புரோட்டீன் பவுடர் கலந்த பால். பால் குடித்தால் வயிறு உப்பி வயிற்றுப்போக்கு ஆகிறதென்றால், குறிப்பாக பைபாஸ் செய்தவர்கள், பாலை விட்டுத் தயிர், மோர் பக்கம் போகலாம்.

இந்த இடத்தில்தான் நம் வீடுகளின் அன்பு தடம் மாறுகிறது. உடம்பு சரியில்லாதவருக்கு என்ன கொடுப்போம்? கஞ்சி. நொய்க்கஞ்சி, ஜவ்வரிசிக் கஞ்சி, ராகிக் கஞ்சி, ஆரோரூட் கஞ்சி. சூடாக, இதமாக, தொண்டையில் வழுக்கிக்கொண்டு இறங்கும். ஆனால் ஒரு டம்ளர் அரிசிக் கஞ்சியில் புரதம் இரண்டு கிராம் இருந்தாலே பெரிது; மற்றதெல்லாம் மாவுச்சத்து. கொள்ளளவு நூறு மி.லி. சுற்றி இருக்கும்போது அதைக் கஞ்சியால் நிரப்பினால், புரதத்துக்கு இடம் எங்கே? கடையில் வாங்கும் மால்ட் பவுடர்களும் அப்படித்தான்: டப்பாவில் சத்து என்று எழுதியிருக்கும், உள்ளே முதல் இடத்தில் மாவும் சர்க்கரையும் இருக்கும். பழச்சாறு வெறும் சர்க்கரைத் தண்ணீர்.

ஏன் புரதத்தையே பிடித்துத் தொங்க வேண்டும்? எடை வேகமாகக் குறையும்போது உடம்பு கொழுப்பை மட்டும் கரைப்பதில்லை, தசையையும் கரைக்கும். காயம் ஆறவும் தசை நிற்கவும் ஒரு நாளைக்குக் குறைந்தது 60 கிராம் புரதம் வேண்டும் என்பது பொதுவாக ஏற்கப்பட்ட அளவு. உங்கள் உடலைப் பொறுத்து 80 வரைகூடச் சொல்லலாம். முதல் வாரங்களில் அதை எட்டுவது அநேகமாக முடியாது. பவுடரின் துணையோடு கொஞ்சம் கொஞ்சமாக நெருங்குங்கள்.

சமைத்துக் கொடுப்பது அம்மாவோ மாமியாரோ என்றால், இந்தப் பகுதியை அவர்களுக்குப் படித்துக் காட்டுங்கள். "கஞ்சி வேண்டாம்" என்று மட்டும் சொன்னால் மனம் வருந்துவார்கள். "கஞ்சிக்குப் பதிலாகப் பாசிப்பருப்பைக் குழைய வேகவைத்து, வடிகட்டி, ஒரு சிட்டிகை சீரகத்தோடு கொடுங்கள்" என்று சொன்னால் சந்தோஷமாகச் செய்வார்கள்.

மூன்றாம் படி: மசியல்

மூன்றாவது வாரத்திலிருந்து ஏறக்குறைய இரண்டு வாரம் மசித்த உணவு. கட்டி, தோல், விதை, நார் எதுவும் இருக்கக் கூடாது. வழுவழுவென்று இருக்க வேண்டும். என் அனுபவத்தில் நம் சமையலறைக்கு மிகவும் ஒத்து வருவன இவை:

குழைந்த பாசிப்பருப்பை மிக்ஸியில் அடித்து, அரை டீஸ்பூன் நெய் விட்டது. முட்டையைப் பாலோடு அடித்துக் கிண்ணத்தில் ஊற்றி இட்லிப் பானையில் வேகவைத்தது. பொரியலாகக் கிளறும் முட்டையைவிட இது மிருதுவாக இறங்கும். பன்னீரை உதிர்த்து இரண்டு ஸ்பூன் பால் விட்டு மிக்ஸியில் ஓட்டியது. தயிரை வெள்ளைத் துணியில் கட்டி இரவு முழுக்க ஃப்ரிட்ஜுக்குள் வடியவிட்ட கெட்டித் தயிர்; வெளியே தொங்கவிட்டால் நம் வெயிலுக்குப் புளித்துப்போகும். அசைவம் சாப்பிடுபவர்களுக்கு முள்ளில்லாமல் உதிர்த்த மீன், மஞ்சளும் உப்பும் மட்டும் போட்டு வேகவைத்து, அதன் தண்ணீரோடு மசித்தது. மீனைப் பொரிக்க வேண்டாம், குழம்பின் காரமும் புளியும் இப்போது வேண்டாம்.

ஒரு நாளைக்குப் புதிதாக ஒரே ஒரு உணவு. இரண்டு ஸ்பூன் சாப்பிட்டுப் பாருங்கள். ஒத்துக்கொண்டால் நோட்டில் எழுதுங்கள். ஒத்துக்கொள்ளாவிட்டாலும் எழுதுங்கள், ஆனால் என்றைக்கும் ஆகாது என்று முடிவுகட்டாதீர்கள். இன்று தொண்டைக்குக் கீழ் நின்ற முட்டை, மூன்று வாரம் கழித்துச் சாதாரணமாக இறங்கும்.

எப்படிச் சாப்பிடுவது

எதைச் சாப்பிடுவது என்பதைவிட இது முக்கியம். அட்டவணையில் எழுதித் தருவார்கள், ஆனால் யாரும் உட்கார்ந்து சொல்லித் தருவதில்லை என்பது என் வருத்தம்.

ஒரு வாய் என்பது இனி ஒரு டீஸ்பூனின் முன்பாதி. வாயில் போட்டதும் ஸ்பூனைக் கீழே வையுங்கள். உணவு கூழாகும் வரை மெல்லுங்கள். இருபது தடவைக்கு மேல் மெல்ல வேண்டியிருக்கும். விழுங்கியபின் ஒரு நிமிடம் காத்திருங்கள். அதன் பிறகு அடுத்த வாய். இப்படி இருபதிலிருந்து முப்பது நிமிடம். அதற்குள் முடிந்த அளவுதான் சாப்பாடு. முப்பது நிமிடம் ஆனதும் தட்டில் இருந்தாலும் எழுந்துவிடுங்கள். டிவியும் போனும் வேண்டாம். பழைய காலத்துப் பெரியவர்கள் பேசாமல் சாப்பிடச் சொன்னது இந்தச் சில மாதங்களுக்கு அப்படியே பொருந்தும்.

கையால் பிசைந்து சாப்பிடுகிற நமக்கு ஒரு சிக்கல் உண்டு. கை அறிந்த கவளம் பழைய வயிற்றின் அளவு. குழம்பு ஊற்றிப் பிசைந்தாலே கை தானாகப் பெரிய உருண்டையை எடுத்துவிடும். அதனால் முதல் ஆறு மாதம் ஸ்பூன். பிறகு கைக்குத் திரும்பலாம், இரண்டு விரல் நுனியால் கிள்ளி எடுக்கும் அளவில்.

போதும் என்ற உணர்வு இனி பழைய இடத்தில் வராது. வயிறு நிரம்பி வேட்டியோ புடவையோ இறுகுவது பழைய அடையாளம். இப்போது அது நெஞ்செலும்புக்குச் சற்றுக் கீழே, ஒரு லேசான அழுத்தமாக வரும். சிலருக்கு ஒரு பெருமூச்சு. சிலருக்கு விக்கல், சிலருக்குத் தும்மல், சிலருக்கு மூக்கில் நீர் வழியும். உங்கள் அடையாளம் எது என்று முதல் மாதத்திலேயே கண்டுபிடியுங்கள். அது வந்த கணத்தில் நிறுத்திவிட வேண்டும். "இன்னும் ஒரு வாய்தானே" என்ற அந்த ஒரு வாய்தான் வலியாகவும் வாந்தியாகவும் மாறும்.

மீறிச் சாப்பிட்டு ஏதாவது நின்றுவிட்டால் வாயில் எச்சில் நுரைநுரையாக ஊறும், நெஞ்சு அடைத்தாற்போல் இருக்கும். தண்ணீர் குடித்து இறக்கப் பார்க்காதீர்கள். அடைப்பின்மேல் தண்ணீர் நின்று வலி கூடும். எழுந்து மெதுவாக நடங்கள். இறங்கிவிடும், இல்லையென்றால் வெளியே வந்துவிடும். அன்றைக்கு மிச்ச நேரம் திரவம் மட்டும் போதும். பல மணி நேரமாகியும் தண்ணீர்கூட இறங்கவில்லையென்றால் மருத்துவரை அழையுங்கள்.

சாப்பாட்டோடு தண்ணீர் இல்லை. சாப்பிட உட்காரும்போதே நிறுத்தி, முடித்து அரை மணி நேரம் கழித்துத் தொடங்குங்கள். சொம்பும் டம்ளரும் தட்டுக்குப் பக்கத்தில் இருந்தால் கை தானாகப் போகும். வேறு அறையில் வையுங்கள். இதே காரணத்தால் ரசம் சாதத்தையும் நீர்க்கப் பிசைந்த மோர் சாதத்தையும் கவனியுங்கள். அவை மெல்லாமலே வழிந்து போகும், வயிற்றில் நிற்காது, ஒரு மணி நேரத்தில் மறுபடி ஏதாவது தேடச் சொல்லும். ரசம் வேண்டுமென்றால் ஒரு வேளைக்கும் அடுத்த வேளைக்கும் இடைப்பட்ட நேரத்தில் தனியாக, ஒரு கிண்ணம் குடியுங்கள்.

நான்காம் படி: தட்டு திரும்பி வருகிறது

ஐந்து, ஆறாம் வாரங்களில் மிருதுவான உணவு. அதன்பின் மெல்ல வழக்கமான உணவு. தட்டில் வரிசை மாறாமல் இருக்கட்டும்: முதலில் புரதம், அடுத்து காய், இடமிருந்தால் கடைசியாகச் சாதமோ இட்லியோ. பல நாள் இடம் இருக்காது. பரவாயில்லை.

இரண்டு மாதம் ஆனவர் ஒரு நாளைக்கு எப்படி 60 கிராமைத் தொடலாம் என்று ஒரு கணக்கு: காலையில் ஒரு முட்டையும் கூடுதலாக ஒரு வெள்ளைக்கருவும், ஏறக்குறைய 9 கிராம். பதினொரு மணிக்கு ஒரு அளவு புரோட்டீன் பவுடர், வகையைப் பொறுத்து 24 கிராம் வரை. மதியம் 50 கிராம் வெந்த மீன் அல்லது கோழி, 12 கிராம். நாலு மணிக்குக் கெட்டித் தயிர் 100 கிராம், 7 கிராம். இரவு 50 கிராம் பன்னீர், 9 கிராம். இதிலேயே 60 வந்துவிடுகிறது. இடையில் பாலும் பருப்பும் சேர்ந்தால் இன்னும் நல்லது.

சைவம் சாப்பிடுபவர்களுக்கு இது கடினம், மறைக்க விரும்பவில்லை. வெந்த பருப்பு 100 கிராமில் புரதம் ஆறேழு கிராம்தான். பருப்பை மட்டும் நம்பினால் வயிறு நிரம்பிவிடும், கணக்கு நிரம்பாது. பன்னீர், டோஃபு, சோயா, கெட்டித் தயிர், இவற்றோடு பவுடரை ஒரு வருடத்துக்காவது விடாமல் வைத்திருங்கள். பொட்டுக்கடலை மாவை மோரில் கலக்கிக் குடிக்கலாம். சாம்பாரின் மேல்தண்ணீரை விட்டு அடியில் இருக்கும் பருப்பை எடுத்துச் சாப்பிடுங்கள்.

இந்தக் கட்டத்தில் பலருக்கு நெஞ்சில் நிற்பவை: பரோட்டா, பிரெட், ஆறிப்போன சப்பாத்தி, கட்டியான உப்புமா, மறுபடி சூடாக்கி வறண்டுபோன கோழித்துண்டு, ஆட்டுக்கறி, இறால். முருங்கைக்காய், வாழைத்தண்டு, கீரைத்தண்டு, ஆரஞ்சுச் சுளையின் தோல் போன்ற நாருள்ளவற்றையும் மாதக்கணக்கில் தள்ளிப்போடுங்கள். கோழியைச் சுக்காவாக வறுக்காமல், தொடைக்கறியாக வாங்கிக் குழம்பின் ஈரத்தோடு கொத்தி வையுங்கள். முறுகலான மெல்லிய தோசை பலருக்கு இட்லியைவிட எளிதாக இறங்குவது ஆச்சரியம்தான். இட்லி மென்றதும் பந்தாகச் சேர்ந்துகொள்ளும்.

இனிப்பு

பைபாஸ் செய்தவர் ஒரு கிண்ணம் பாயசம் குடித்தால், சர்க்கரை நேராகச் சிறுகுடலில் விழும். குடல் உடம்பிலிருக்கும் நீரை உள்ளே இழுக்கும். கால் மணி, அரை மணிக்குள் படபடப்பு, வியர்வை, வயிற்றுப் பிடிப்பு, வயிற்றுப்போக்கு, படுத்தே ஆக வேண்டும் என்ற தளர்ச்சி. இதற்கு டம்ப்பிங் என்று பெயர். இன்னொரு வகை, ஒன்றிலிருந்து மூன்று மணி நேரம் கழித்து வரும்: ஏறிய சர்க்கரைக்கு எதிராக இன்சுலின் அதிகம் சுரந்து, ரத்தச் சர்க்கரை சடாரென்று இறங்கி, கை நடுங்கும், கண் இருட்டும். ஸ்லீவ் செய்தவர்களுக்கு இது குறைவு; வராது என்று சொல்ல முடியாது. கோயிலில் சர்க்கரைப் பொங்கல் கொடுத்தால் விரல் நுனியில் தொட்டு வாயில் வைத்துவிட்டு மீதியை வீட்டாரிடம் கொடுங்கள். பிரசாதத்துக்கு அது போதும்.

பந்தியில்

வீட்டுக்குள் எல்லாம் சரியாகப் போகும். கல்யாண வீட்டில்தான் சோதனை. இலையில் மிச்சம் வைக்கக் கூடாது என்று சொல்லி வளர்த்திருக்கிறார்கள். பரிமாறுபவர் கேட்காமலே வைத்துவிட்டுப் போவார். பக்கத்தில் சித்தி, "என்னடி கொறிக்கிற, உடம்பு என்னத்துக்கு ஆகும்?" என்பார். அந்தக் கூச்சத்தில் சாப்பிட்டுவிட்டு மண்டபத்தின் பின்பக்கம் போய் வாந்தி எடுத்தவர்கள் நிறையப் பேர்.

முடிந்தால் பந்தியில் உட்காராதீர்கள். ஒரு சின்னத் தட்டில் வாங்கிக்கொள்ளுங்கள். உட்கார வேண்டி வந்தால் இலையின் மேல் கையை விரித்து, "பருப்பும் பொரியலும் தயிரும் போதும்" என்று முதலிலேயே சொல்லுங்கள். வீட்டில் புரதமாக ஏதாவது சாப்பிட்டுவிட்டுப் போவது இன்னும் நல்லது. காரணம் கேட்டால், "வயித்துல ஆபரேஷன் ஆயிருக்கு, டாக்டர் கொஞ்சமாத்தான் சாப்பிடச் சொல்லியிருக்கார்" என்பதே முழு உண்மை. எடையைப் பற்றி யாருக்கும் விளக்கம் சொல்லும் கடன் உங்களுக்கு இல்லை.

சோற்றை வீணாக்குகிறோமே என்ற வேதனை நியாயமானது. அதற்கு வழி, தட்டில் குறைவாகப் போட்டுக்கொள்வது. போட்டதை முடித்தே தீர்வது அல்ல. மிஞ்சியதை மூடி வைத்து அடுத்த வேளைக்கு எடுங்கள்.

முதல் மாதங்களில் சாப்பாட்டை நினைத்து அழுகை வரலாம். சந்தோஷம், சலிப்பு, கோபம் எல்லாவற்றுக்கும் துணையாக இருந்த ஒன்று திடீரென்று விலகிப் போயிருக்கிறது. துக்கம் வருவது இயல்பு. இரண்டு வாரத்துக்கு மேல் மனம் எழவில்லையென்றால் மருத்துவக் குழுவிடம் சொல்லுங்கள். அவர்கள் எதிர்பார்க்கும் விஷயம்தான் இது.

பசி திரும்பும்போது

ஆறு மாதத்திலிருந்து ஒரு வருடத்துக்குள் பசி மெல்லத் திரும்பும். அப்போது ஆபத்து பிரியாணியில் இல்லை. அது கால் தட்டிலேயே நிறுத்திவிடும். ஆபத்து முறுக்கு, மிக்ஸர், டீயில் நனைத்த பிஸ்கட், சிப்ஸ், ஐஸ்கிரீம். இவை வாயிலேயே கரைந்து தடையில்லாமல் இறங்குவதால் போதும் என்ற அடையாளமே வராது. சீரியல் முடிவதற்குள் ஒரு பாக்கெட் காலியாகும். எடை திரும்ப ஏறியவர்கள் பலரிடம் பேசினால் கதை இங்கேதான் தொடங்கியிருக்கும். எதைச் சாப்பிட்டாலும் உட்கார்ந்து, தட்டில் போட்டு, நேரம் பார்த்துச் சாப்பிடுங்கள். டப்பாவிலிருந்து நேராக எதுவும் வேண்டாம்.

மதுவைப் பற்றியும் இங்கே சொல்ல வேண்டும். சிகிச்சைக்குப் பின் அது வேகமாக ரத்தத்தில் ஏறும், குறைந்த அளவிலேயே போதை வரும், அடிமையாகும் அபாயமும் கூடுகிறது. விட்டுவிடுவதே நல்லது.

மாத்திரைகள்

ஆயுள் முழுக்க. எடை குறைந்துவிட்டது, நன்றாக இருக்கிறேன் என்று நிறுத்துபவர்களைப் பார்த்தால் எனக்குப் பதறும், ஏனென்றால் குறைபாடு வெளியே தெரிய ஒன்றிரண்டு வருடம் ஆகும். மல்டிவைட்டமின், பி12, வைட்டமின் டி, இரும்பு, கால்சியம். கால்சியம் சிட்ரேட் வகையாக, ஒரு நாளைக்கு மொத்தம் 1200 முதல் 1500 மி.கி., ஒரு வேளைக்கு 500 அல்லது 600க்கு மேல் போகாமல் பிரித்து. இரும்பு மாத்திரைக்கும் கால்சியத்துக்கும் இடையே இரண்டு மணி நேரம் இருக்க வேண்டும். இரும்போடு டீ, காபி கூடாது. மூன்றிலிருந்து ஆறாம் மாதத்துக்குள் முடி கொட்டினால் பயப்படாதீர்கள். எடை வேகமாகக் குறைவதால் வருவது அது, பெரும்பாலும் திரும்ப வளர்ந்துவிடும். புரதமும் இரும்பும் சரியாகப் போகிறதா என்று மட்டும் பாருங்கள்.

சர்க்கரை நோய்க்கும் ரத்த அழுத்தத்துக்கும் மாத்திரை எடுப்பவர்கள் பழைய அளவையே தொடர்வது ஆபத்து. சிகிச்சை முடிந்த சில நாளிலேயே அளவு குறைக்க வேண்டியிருக்கும். வீட்டில் குளுக்கோமீட்டர் வைத்துப் பார்த்து, மருத்துவரிடம் சொல்லி மாற்றுங்கள். தலைவலிக்கும் மூட்டுவலிக்கும் மருந்துக்கடையில் கேட்டு டைக்ளோஃபினாக், ஐபுப்ரோஃபன் வாங்கிப் போடாதீர்கள். குறிப்பாக பைபாஸ் இணைப்பில் அவை புண் உண்டாக்கும். பாராசிட்டமால் போதும். புகைபிடிப்பதும் அதே புண்ணுக்கு வழி.

உடனே கிளம்ப வேண்டிய நேரங்கள்

முதல் வாரங்களில் காய்ச்சல், கூடிக்கொண்டே போகும் வயிற்றுவலி, சும்மா படுத்திருக்கும்போதே நிமிடத்துக்கு 120க்கு மேல் நாடித்துடிப்பு, மூச்சுத் திணறல்: இவற்றில் ஒன்று இருந்தாலும் விடியும் வரை காத்திருக்கக் கூடாது. தையல் கசிவாக இருக்கலாம். லேப்ராஸ்கோப்பிக்காக, அதாவது சிறு துளைகள் வழியாகச் செய்யும் அறுவை சிகிச்சைக்காக, வயிற்றில் ஊதிய வாயுவால் தோள்பட்டை இரண்டு மூன்று நாள் வலிப்பது வேறு. அது நடந்தால் குறையும். ஒரு காலில் மட்டும் ஆடுசதை வீங்கி வலித்தாலும், மலம் கருப்பாகத் தார்போலப் போனாலும் உடனே போக வேண்டும்.

இன்னொன்றைத் தனியாகச் சொல்கிறேன், தெருமுனைக் கிளினிக்கில் இது பலருக்குத் தெரிந்திருக்காது. தொடர்ந்து சில நாள் வாந்தி இருந்தால் உடம்பில் தயமின் எனப்படும் வைட்டமின் பி1 தீர்ந்துவிடும். பார்வை இரட்டையாகத் தெரிவது, நடை தள்ளாடுவது, பேச்சு குழம்புவது அதன் அறிகுறிகள். தாமதித்தால் மூளைக்கு நிரந்தரப் பாதிப்பு வரலாம். நம் ஊரில் வாந்தி, மயக்கம் என்று போனால் முதலில் குளுக்கோஸ் ஏற்றுவார்கள். தயமின் கொடுக்காமல் குளுக்கோஸ் மட்டும் ஏற்றினால் நிலைமை மோசமாகும். "எடைக்குறைப்பு அறுவை சிகிச்சை ஆகியிருக்கிறது, தயமின் ஊசி முதலில் போடுங்கள்" என்று கூட இருப்பவர் சொல்லத் தெரிந்திருக்க வேண்டும். டிஸ்சார்ஜ் சம்மரியைப் படம் எடுத்து உங்கள் போனிலும் வீட்டார் போனிலும் வைத்திருங்கள்.

பரிசோதனையும் மற்றவையும்

முதல் வருடம் மூன்று, ஆறு, பன்னிரண்டாம் மாதங்களில் ரத்தப் பரிசோதனை. பிறகு வருடத்துக்கு ஒரு முறை. ஹீமோகுளோபின், ஃபெரிட்டின் (உடம்பில் இருக்கும் இரும்புச்சத்தின் சேமிப்பைக் காட்டுவது), பி12, வைட்டமின் டி, கால்சியம், பாராதைராய்டு ஹார்மோன், அல்புமின் ஆகியவை அதில் இருக்கின்றனவா என்று பாருங்கள். எடை வேகமாகக் குறையும்போது பித்தப்பையில் கல் சேரலாம்; அதற்கு முதல் ஆறு மாதம் மாத்திரை கொடுத்திருந்தால் நிறுத்தாதீர்கள்.

ரமலான் நோன்போ, சஷ்டி விரதமோ, தண்ணீர்கூட இல்லாமல் இருக்கும் எதுவும் முதல் வருடத்தில் மருத்துவரைக் கேட்காமல் வேண்டாம். நோன்பு திறக்கும்போது ஒன்றரை லிட்டர் தண்ணீரைச் சேர்த்துக் குடிக்கும் வயிறு இப்போது இல்லை.

குழந்தை பெற நினைப்பவர்கள் பன்னிரண்டிலிருந்து பதினெட்டு மாதம் தள்ளிப்போட வேண்டும். எடை குறையும்போது மாதவிலக்கு சீராகி, எதிர்பாராமல் கருத்தரிப்பது நடக்கிறது. பைபாஸ் செய்தவர்களுக்குக் கருத்தடை மாத்திரை சரியாக உறிஞ்சப்படாமலும் போகலாம். வேறு முறையைப் பற்றி மகப்பேறு மருத்துவரிடம் கேளுங்கள். கருத்தரித்தபின் சர்க்கரைப் பரிசோதனைக்குக் குளுக்கோஸ் கரைசல் குடிக்கச் சொல்வார்கள். அதற்கு முன்பே உங்கள் சிகிச்சையைப் பற்றிச் சொல்லிவிடுங்கள், டம்ப்பிங் வராமல் வேறு வழியில் பார்க்க ஏற்பாடு செய்வார்கள்.